அசுந்தா வாசலைத் தாண்டும் இடம்

மார்ச் 3, செவ்வாய்

டாக்டர் இந்தக் கொப்பியில் பிரஷரை எழுதச் சொன்னார். வேறொன்றும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் பிரஷர் ஏன் ஏறியது என்று எழுதாமல் வெறும் இலக்கத்தை எழுதி என்ன பிரயோசனம்? அவரும் தெரிந்துகொள்ளட்டும். தமிழ் வாசிக்கத் தெரியாதது அவருடைய பிழை.

மகள் ஆரணிக்குப் பாத்திரம் கிடைத்துவிட்டது. இவ்வளவு காலமும் போல பின்வரிசையில் கூட்டத்தோடு நின்று பாடுவது இல்லை, கதாநாயகி. பலெர்மோத் துறைமுகத்துப் பக்கம் இருக்கிற சின்னத் தியேட்டரில், இந்த மாதம் 27ஆம் திகதி ஒப்பெரா. செய்தியைக் கேட்டு இவர் கதிரையை விட்டு எழும்பிக் கை தட்டினார். நான் பருப்பை இறக்கிக்கொண்டிருந்தேன். சந்தோசம்தான். யார் இல்லையென்றது?

பிறகு கதையைக் கேட்டேன். அதோடு ஏறியதுதான்.

ஒப்பெராவின் பெயர் 'உப்பளம்'. நூறு வருடத்துக்கு மேல் பழையதாம். ராசா ராணி கதை இல்லை, இந்தச் சிசிலித் தீவில் உப்பு அள்ளிச் சீவித்த சனத்தின் கதை. அசுந்தா என்று ஒருத்தி. அவள் விரும்பிய தானோ என்ற படகுக்காரன் கடலில் செத்துப்போனான் என்று ஊரே அழுது முடித்த பிறகு, உப்பளத்தில் வேலை செய்யும் ரொக்கோவைக் கட்டுகிறாள். செத்தவன் உயிரோடு திரும்பி வருகிறான். இரண்டு பேரும் கதைக்கிறார்கள். கதைப்பதை மாமியார் பார்க்கிறாள், மகனிடம் சொல்கிறாள். உப்பு வாரும் நாளன்று ரொக்கோ கத்தியோடு உப்புக் குவியலுக்குப் பின்னால் காத்து நிற்கிறான். அதைத் தெரிந்துகொண்டே அசுந்தா வாசலைத் தாண்டிப் போகிறாள். வாசலில் நின்று மாமியாரிடம் கடைசியாகப் பாடுவது, "நான் போகிறேன்." அவ்வளவுதான். பிறகு உப்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு அலறல். திரை.

"இந்த வகைக்கு வெரிஸ்மோ எண்டு பேர், அம்மா. ஏழைச் சனம், உண்மையான வாழ்க்கை, உண்மையான சாவு" என்றாள் ஆரணி.

"உண்மையான சாவைப் பாக்கிறதுக்கு ஆர் டிக்கெட் எடுக்கிறது?" என்று கேட்டேன். இவர் சிரித்தார். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

நான் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு முழங்கால் நோ. அந்தத் தியேட்டரில் படிகள் செங்குத்து என்று கேள்வி. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆரணி பையைத் தூக்கினாள். "சரி, போறன்" என்று வெளிக்கிட்டாள். இவர் இந்தக் கட்டடத்துக்கு வாசல்காவல், எங்கள் வீடு கீழே பெரிய கேற்றுக்குப் பக்கத்தில். கேற்றைத் தாண்டியவளைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"என்ன சொன்னனீ?"

"அம்மா, பஸ் போகப்போகுது."

"என்ன சொன்னனீ எண்டு கேட்டனான்."

"போட்டு வாறன்."

"அப்பிடிச் சொல்லிப் பழகு. போற ஆள் திரும்பி வாறதையும் சொல்லவேணும்."

பஸ் போய்விட்டதாம். அடுத்தது வரும்தானே.

மார்ச் 5, வியாழன்

ஆரணி குசினியில் நின்று பாடிப் பழகுகிறாள். அங்கேதான் நல்ல ஒலி வருமாம். மூன்றாம் மாடிக்காரர் ஜன்னலைத் திறந்து "பிராவா" என்கிறார். இரண்டாம் மாடிக்காரர் ஜன்னலைச் சாத்துகிறார். நான் நடுவில் நின்று வெங்காயம் உரிக்கிறேன்.

கேட்கக் கேட்க எனக்கு இந்த ஆட்களைப் பற்றிச் சில விசயம் விளங்குகிறது. அசுந்தாவுக்கு மூளை கொஞ்சம் குறைவு. மாமியார் நெத்தலி காயவைக்கிற முற்றத்திலேயே நின்று பழைய ஆளோடு கதைக்கலாமா? கதைக்க வேண்டுமென்றால் சந்தைக்குப் போய்க் கதை. சந்தை இரைச்சலில் யார் யாரைக் கவனிப்பது? ரொக்கோ நல்ல உழைப்பாளி, குடி இல்லை. ஆனால் ஊமைக்கோட்டான். வீட்டுக்கு வந்து "என்னப்பா நடக்குது?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் கத்தி தேவைப்பட்டிருக்காது. மாமியார் விசயத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவளுடைய நாக்கை உப்பில் போட்டு ஊறவைக்க வேண்டும்.

இவர் தானோவின் பக்கம்.

"இஞ்ச பார் யோகம், அவன் பாவம். செத்திட்டான் எண்டு எட்டுச்செலவு எல்லாம் செய்து முடிச்ச வீட்டுக்கு உயிரோட வந்து நிண்டா, அவனும் என்ன செய்யிறது?"

"வந்தாக் கட்டிப்பிடிச்சு அழவேண்டியதுதானே. அதுக்கேன் கத்தி?" என்றேன்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குப்பை வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குப்பை எடுக்கிற நாள் நாளைக்குத்தான்.

மார்ச் 8, ஞாயிறு

கோயிலில் பூசைக்குப் பிறகு தவமணி அக்கா பிடித்துக்கொண்டார். "உன்ர மோள் பெரிய மேடையில பாடப்போறாவாம். பண்ணிசையோ?" அப்படியும் சொல்லலாம் என்றேன். "என்ன பாட்டு?" என்றார். உப்பைப் பற்றிய பாட்டு என்றேன். அக்கா யோசித்துக்கொண்டே செருப்பைத் தேடினார்.

பிரஷர் சரி.

மார்ச் 11, புதன்

மழை. நான் வேலைக்குப் போகிற பல் டாக்டர் வீட்டில் உடுப்பு இஸ்திரி போட்டு அழுத்தும்போது எனக்குத் தெரியாமலே மாமியாரின் பாட்டு வாயில் வந்துவிட்டது. டாக்டரின் மனைவி கதவோரம் நின்று கேட்டிருக்கிறா. இனி வாயை மூடிக்கொண்டு அழுத்த வேண்டும்.

மார்ச் 14, சனி

இவருக்கு வயது போகப் போக வாய் நீளுகிறது. நான் சந்தைக்குப் போன நேரம் பிள்ளையிடம் ஊரில் நடந்த தேவையில்லாத பழைய கதையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

நான் சோறு வடிக்கப்போகும்போது ஆரணி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, மாமா அண்டைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிடேக்க உங்களிட்ட என்ன சொன்னவர்?"

கஞ்சி பொங்குது, தள்ளி நில் என்றேன்.

கஞ்சி பொங்கவில்லை. அவளுக்கும் அது தெரியும். தள்ளி நின்றாள்.

பிரஷர் எழுதும்படி இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

மூன்று நாளாக ஆரணி கடைசி இடத்தைப் பாடுவதில்லை. அசுந்தா சால்வையை எடுக்கிறாள், மாமியார் குனிந்து நெத்தலி ஆய்கிறாள், அசுந்தா வாசலுக்கு வருகிறாள். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாள். பிறகு வேறு பாட்டு. எனக்காகத்தான் நிறுத்துகிறாள் என்று தெரிகிறது. தெரிந்துகொண்டு எத்தனை நாளைக்குத்தான் தெரியாதமாதிரி இருப்பது? இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

"முழுக்கப் பாடு பிள்ளை. பாதியில நிப்பாட்டினாத் தொண்டைக்குக் கூடாது."

"உங்களுக்குப் பரவாயில்லையோ?"

"எனக்கென்ன? நான் பயத்தங்காய் முறிக்கிறன்."

பாடினாள். ஒரு தரம்தான். இரண்டாம் மாடிக்காரர்கூட ஜன்னலைச் சாத்தவில்லை. பயத்தங்காயைக் கொஞ்சம் பெரிது பெரிதாக முறித்துவிட்டேன், கறி சரியாக அவியவில்லை. இவர் நல்ல ருசி என்று சாப்பிட்டார். பொய் சொல்வதில் இவருக்கு எப்போதுமே கெட்டித்தனம் காணாது.

மார்ச் 22, ஞாயிறு

தெருமுனைத் தேவாலயத்தில் இன்றைக்குச் சிலைகளையெல்லாம் துணியால் மூடியிருந்தார்கள். நல்ல கத்தரிப்பூ நிறம். பாதிரியாரும் அதே நிறம் உடுத்திருந்தார். இந்தத் தவக்காலத்துக்கு அதுதான் நிறமாம்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாள் அனுப்பிய காஞ்சிபுரம் ஒன்று, கத்தரிப்பூ நிறத்தில் தங்கக் கரை, ஒரு நாளும் உடுக்காமல் கிடக்கிறது. கட்டிலில் விரித்துப் பார்த்தேன். எங்கள் ஆட்களுக்கும் மங்கலமான நிறம், இவர்கள் சாமிக்கும் உகந்த நிறம். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

ஆரணி அறைக்குள் வந்தாள். சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"புதன்கிழமை முழு ஒத்திகையாம், வீட்டாக்களும் வரலாமாம் எண்டு கொப்பா சொன்னார். முழங்கால் கொஞ்சம் சுகம். ஒத்திகைக்கு மட்டும் வந்து பாக்கிறன்" என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். வெகு நேரம் விடவில்லை. "நல்ல சேலை, அம்மா" என்றாள்.

மார்ச் 25, புதன்

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

தியேட்டர் வடிவானது. முன்வரிசையில் நடுவில் எங்களை இருத்தினார்கள். ஆரணி பாவாடையும் அழுக்குச் சால்வையுமாக மேடையில் வந்தபோது என் பிள்ளைதான் என்று மட்டுக்கட்ட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பெருமையாக இருந்தது. அதை ஏன் எழுதாமல் விடவேண்டும்? எனக்கு நல்ல பெருமை.

ரொக்கோவாகப் பாடுபவர் காலோஜெரோ. பெரிய உடம்பு, பெரிய குரல். உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டபடி வந்து வாயைத் திறந்தார். அவருடைய பார்வை கீழே என்னில் விழுந்தது. பாட்டு நின்றுவிட்டது. பலகையைக் கீழே போட்டார். ஒரு கை கழுத்தில் தொங்கிய கொம்புத் தாயத்தைப் பிடித்தது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவர் என் பக்கம் கையை நீட்டி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

லொரெடானா என்ற பெண்தான் இதை நெறிப்படுத்துகிறவள். மேடையால் இறங்கி வந்து, மாடம், உங்கள் உடுப்பு, என்று தொடங்கினாள். காஞ்சிபுரம், பட்டு, என்று நான் விளக்கம் சொன்னேன். கரையைப் பிடித்துப் பார்க்கும்படி நீட்டியும் காட்டினேன். அவள் தொடாமல் ஓரடி பின்னால் போனாள். அப்போதுதான் எனக்கு ஏதோ உறைத்தது.

விசயம் இதுதான். முந்திய காலத்தில் தவக்காலம் முழுக்கத் தியேட்டர்களைப் பூட்டிவிடுவார்களாம். பாதிரிமார் கத்தரிப்பூ நிறம் உடுக்கத் தொடங்கினால் நாடகக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் இந்த நாட்டுத் தியேட்டருக்குள் அந்த நிறம் வரக்கூடாது. வந்தால் விளங்காது. நான் அந்த நிறத்தில் ஆறு யார்ச் சேலையைச் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் நடுவில் போய் இருந்திருக்கிறேன்.

உடுப்பு அறையிலிருந்து ஒரு பழைய சால்வையைக் கொண்டுவந்து என்னைப் போர்த்தார்கள். காலோஜெரோ உள்ளுக்கிருந்தே சொல்லி அனுப்பினார். கண்டது கண்டதுதானாம். ஒத்திகை அதோடு முடிந்தது. கடைசி இடம் வரவே இல்லை.

பஸ்ஸில் சனம் என்னைப் பார்த்தது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது நல்லது.

மார்ச் 26, வியாழன்

காலோஜெரோ தொண்டை அடைத்துவிட்டது என்று அறிவித்திருக்கிறார். இந்த ஒப்பெராவை வேறு யாரும் பாடிப் பழகியதில்லை. நாளைக்கு ரொக்கோ இல்லையென்றால் 'உப்பளம்' இல்லை. ஆரணியின் முதல் நாள் இல்லை.

"நான் அந்தப் பக்கமே வரேல்லை. என்னால உன்ர பேர் கெட்டது காணும்" என்றேன்.

"உங்களால இல்லையம்மா."

"பின்ன ஆரால?" என்று கேட்டபோதுதான் அவளுடைய முகத்தைக் கவனித்தேன். "உனக்கு இந்த நிறக் கதை முந்தியே தெரியுமோ?"

"தெரியும். கொன்செர்வத்தோரியோ சங்கீதப் பள்ளியில முதல் வருசமே சொல்லித் தந்தவை. நான் அந்த நிறத்தில தலைப்பட்டி போட்டுப்போய் ஏச்சும் வாங்கினனான்."

"பிறகேன் சேலையை விரிச்சு வைக்கேக்க வாயை மூடிக்கொண்டு நிண்டனீ?"

அவள் கட்டில் விளிம்பில் இருந்தாள். அழக்கூடாது என்று சொண்டைக் கடித்தாள்.

"நீங்கள் அந்தச் சேலையை விரிச்ச பிறகுதான், நீங்கள் வருவீங்கள் எண்டு நான் நம்பினனான். இது சரிவராது எண்டு சொன்னா, மடிச்சு வைச்சுப்போட்டு முழங்கால் நோ எண்டு சொல்லியிருப்பீங்கள். எனக்கு அது வேண்டாம். ஒருத்தரும் கவனிக்கமாட்டினம் எண்டு நினைச்சன்."

"முன்வரிசையில இருத்தினா கவனிக்காமல் விடுவினமே, விசரி?"

"அதை நான் யோசிக்கேல்லை." பிறகு சொன்னாள், "நீங்கள் வந்து பாக்கவேணும், அம்மா. நான் அந்த வாசலைத் தாண்டுறதை நீங்கள் பாக்கவேணும். தாண்டிப்போட்டு வாறதையும் பாக்கவேணும்."

நான் சேலையின் கரையை நீவிக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். இவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சாத்தினார். சாத்திவிட்டு வெளியே நின்று மூக்கைச் சிந்தினார்.

அழுது முடிந்தபிறகு முகம் கழுவினேன். முகம் கழுவும்போது ஒரு யோசனை வந்தது. நிறத்துக்குப் பயப்படுகிற ஆள், கொம்புத் தாயத்துக் கட்டுகிற ஆள். அப்படிப்பட்ட ஆளுக்கு டாக்டரா தேவை?

"அந்த மனுசனுக்கு ஃபோன் எடு" என்றேன். "கண்ணூறு பட்டிருக்கு, நாளைக்குக் காலமை அம்மா வந்து கழிச்சு விடுவா எண்டு சொல்லு."

உடனே ஓம் என்றாராம். அடைத்த தொண்டையால்.

மார்ச் 28, சனி, காலை

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்றுக் காலை செத்தல் மிளகாயும் உப்பும் கடுகும் கொண்டு தியேட்டருக்குப் போனோம். உள்ளுக்கு நெருப்புக் கூடாது என்று லொரெடானா சொல்லிவிட்டாள். பின்தெருவில் ஆட்டுக்குடல் சுட்டு விற்கிறவர் அப்போதுதான் கரியை மூட்டியிருந்தார். விசயத்தைச் சொன்னோம். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் குடலை ஒரு பக்கம் ஒதுக்கி இடம் தந்தார்.

காலோஜெரோ கழுத்தைச் சுற்றி மஃப்ளர் கட்டி வந்து கிழக்கே பார்த்து நின்றார். தலையிலிருந்து கால்வரை மூன்று தரம் சுற்றினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். துப்புங்கோ என்றேன். ஒப்பெராக்காரர் துப்பு என்றால் அது ஒரு துப்பு. இவர் பின்னால் தள்ளி நின்றார். எல்லாவற்றையும் கரியில் போட்டேன். உப்பும் கடுகும் வெடித்தன. ஒருவருக்கும் இருமல் வரவில்லை. அதாவது கண்ணூறு இருந்திருக்கிறது. குடல் சுடுகிறவர் கொஞ்சம் இருமினார், ஆனால் அவர் எப்போதும் இருமுகிற ஆளாம்.

காலோஜெரோ கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி பாடிப் பார்த்தார். மேலே ஒரு வீட்டு ஜன்னல் திறந்தது. பிறகு என் கையைப் பிடித்து முத்தம் வைத்தார். தன்னுடைய சின்ன வயதில் மாமியும் உப்பால்தான் கழித்துவிடுவாவாம். இனி ஒவ்வொரு காட்சிக்கும் நான் வந்து கழிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் தான் பாடமாட்டாராம். சேலை மட்டும் வேறு நிறமாக இருக்கட்டும் என்றார். பச்சை பரவாயில்லையா என்று கேட்டேன். இத்தாலியில் பரவாயில்லை, பிரான்சில்தான் பச்சை ஆகாது என்றார். பாரிசில் இருக்கிற தங்கச்சிக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

பின்னேரம் கிளிப்பச்சைச் சேலை உடுத்தேன். படிகள் அவ்வளவு செங்குத்து இல்லை.

இரண்டாம் முறை பார்க்கும்போது எல்லோரும் தெரிந்த ஆட்கள். தானோ கரைக்கு வந்தபோது இவர் "பாவம்" என்றார். மாமியார் மகனின் காதில் ஓதும்போது நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரொக்கோ பாடத் தொடங்கினார். இவ்வளவு நாளும் நான் அந்த மனிதனை ஊமை என்று திட்டினேன். அவனுக்குச் சொல்லத்தான் தெரியவில்லை, நெஞ்சு முழுக்க அவள்தான் என்று நேற்றுத்தான் விளங்கியது. கடைசியில் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அந்த இடம் வந்தது.

ஆரணி சால்வையை எடுத்துப் போர்த்தாள். மாமியார் நிமிராமல் நெத்தலி ஆய்ந்தாள். வாத்தியம் எல்லாம் நின்றுவிட்டது. ஆரணி வாசலுக்கு வந்து ஒரு காலை வெளியே வைத்தாள். "நான் போகிறேன்" என்று பாடினாள். உரத்துப் பாடவில்லை. வீட்டில் இருந்து வெளிக்கிடுகிற ஆள் சொல்கிறமாதிரித்தான் பாடினாள். நான் இவருடைய கையைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு அசுந்தா மாமியாரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். ஆரணி மாமியாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வாய் மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை. அந்தத் தியேட்டரில் அதை வாசிக்கத் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும்தான்.

போட்டு வாறன்.

"ஓம் பிள்ளை, போட்டு வா" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேனாம். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். பார்க்கட்டும்.

அவள் உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் மறைந்தாள். அலறல் கேட்டது. பக்கத்தில் இருந்த மனுசி வாயைப் பொத்தினா. எனக்குப் பயம் வரவில்லை. நான் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரை விழுந்தது. திரும்ப எழும்பியது. தானோ வந்து கும்பிட்டான், மாமியார் வந்தாள், ரொக்கோ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வந்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் வரவில்லை.

பிறகு ஆரணி வந்தாள். வேறு வழியால் வரவில்லை, போன வாசலாலேயே வந்தாள்.

நான் எழும்பி நின்று கை தட்டினேன். அழுதுகொண்டுதான் தட்டினேன். இவரும் அழுதார்.

என் தம்பியின் பெயர் சிறீகாந்தன். மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவன், திரும்பி வரவில்லை. அவசரத்தில் "போறன் அக்கா" என்றான். நான் கூப்பிட்டுத் திருத்தவில்லை. இதை எங்கேயும் எழுதியதில்லை. இப்போது எழுதியிருக்கிறேன்.

ஆரணி இன்னும் நித்திரை. இவர் கேற்றடியில் நின்று போகிற வருகிற ஆட்களுக்கெல்லாம் நேற்றைய கதையைச் சொல்கிறார். நாளைக்கு இரண்டாம் காட்சி. தவமணி அக்காவும் வருகிறாவாம், வெளிக்கிட முதல் சேலை நிறத்தைக் கேட்க வேண்டும். செத்தல் மிளகாய் முடிந்துவிட்டது, சந்தைக்குப் போய்வர வேண்டும்.

பிரஷர் பார்க்க மறந்துபோனேன்.